கொறங்காடு பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. எப்போதோ ஒருநாள் அதை நாலு படம் எடுத்துப் போட்டேன், அன்றைக்குப் பிடித்த கேள்விகள் இன்றைக்கும் விடவில்லை. நிலம் வாங்கப்போகிற சென்னை நண்பர், பறவை பார்க்க வருகிற கல்லூரிப் பிள்ளைகள், சோலாருக்கு விட்டுவிடலாமா என்று யோசிக்கிற சொந்தக்காரர் என்று ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்டால் இதைத்தான் அனுப்புவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

1. கொறங்காடுன்னா என்னங்க? குரங்கு இருக்கிற காடா?

குரங்குக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கொங்குப் பக்கம் 'காடு' என்றால் மரம் அடர்ந்த வனம் என்று மட்டும் அர்த்தமில்லை. கிணற்றுத் தண்ணீர் பாய்வது தோட்டம், வாய்க்கால் தண்ணீர் பாய்வது வயல், வானம் பார்த்தது காடு. 'அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க' என்று போனில் யாராவது சொன்னால் நீங்கள் புலிக்குப் பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியை வருடா வருடம் உழாமல், சுற்றி உயிர்வேலி வைத்து, உள்ளே புல் வளர்த்து, ஆடு மாடு மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்திருக்கிறார்களே, அதுதான் கொறங்காடு. கொரங்காடு என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடுகிற வறண்ட பூமியில் இதைப் பார்க்கலாம். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், சின்னதாராபுரம், க.பரமத்தி எல்லாம் அந்த வட்டாரம். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். ஆடியில் மேகம் மேற்கே இருந்து வரிசை வரிசையாக ஓடும், நமக்குக் காற்றுதான் மிச்சம்.

2. அப்ப இது சும்மா போட்டு வச்ச தரிசு நிலம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். விதைக்கவில்லை, அறுக்கவில்லை என்பதால் பார்க்கிறவர்களுக்குத் தரிசு. ஆனால் இதில் மூன்று பொருள் திட்டம் போட்டுத்தான் நிற்கிறது: தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. கொழுக்கட்டைப் புல் கோடையில் காய்ந்து செத்த மாதிரிக் கிடக்கும், வேர்த்தூர் உயிரோடு இருக்கும், ஒரு நல்ல மழை விழுந்த ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும். கூடவே நரிப்பயறு, செப்புநெருஞ்சி என்று தானாக முளைக்கிற கொடிகளும் செடிகளும்.

மண் இறுகிப் புல் மெலிந்துபோனால் சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது கொள்ளோ கம்போ ஒரு போகம் விதைப்பார்கள். அறுத்த பிறகு மண்ணில் கிடக்கிற புல்விதை முளைத்துக் காடு புதுசாகிவிடும். வேலி கவாத்து, முள் வெட்டு, தண்ணீர்த் தொட்டி, இதெல்லாம் வருடா வருடம் இருக்கிற வேலை. தரிசுக்கு யாராவது இவ்வளவு வேலை செய்வார்களா?

3. வேலிக்கு எதுக்கு இவ்வளவு அலட்டிக்கிறீங்க? கம்பி வேலி போட்டா ஒரே நாள்ல முடிஞ்சதே!

முடியும். என் சித்தப்பா அப்படித்தான் முடித்தார். பாதையை அகலப்படுத்துகிறேன் என்று மேற்குப் பக்கக் கிளுவை வேலியை ஜேசிபி வைத்துப் பிடுங்கிவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டினார். அடுத்த ஆடியில் மேல்காற்று அடித்தபோதுதான் அந்த வேலி என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. மேல்மண் பறந்து கிழக்கு ஓரமாகக் குவிந்தது, கம்பியை ஒட்டி ஒரு கஜம் அகலத்துக்குப் புல்லே பிடிக்கவில்லை. விடிகாலையில் அந்தப் பக்கம் கேட்கிற கௌதாரிச் சத்தமும் நின்றது. கம்பி துருப்பிடித்ததும் மறுபடி செலவு, கிளுவை மாதிரி அது துளிர்க்கவா போகிறது?

கிளுவை வேலியைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கோடையில் இலை முழுக்கக் கொட்டி வெறும் முள்ளுக் குச்சியாக நிற்கும், நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. மழை பட்டதும் அதன்மேல் பிரண்டை ஏறும், கோவை ஏறும், வேலிப்பருத்தி, முசுமுசுக்கை எல்லாம் ஏறும். எங்கள் ஆத்தா துவையலுக்குப் பிரண்டை ஒடிக்கப் போனால் மடியில் கோவைப்பழமும் வரும். அடியில் ஓணான், கீரி, உடும்பு, காட்டு முயல். உள்கிளையில் கொம்புத்தேன் அடை. கவாத்து செய்த கிளையை வெள்ளாட்டுக்குப் போடலாம், காய்ந்ததை அடுப்பெரிக்கலாம். பக்கத்துக் காட்டு வேலி, அதற்கடுத்த காட்டு வேலி என்று கோர்த்துக்கொண்டே போவதால், ஒரு கீரியோ முயலோ வெட்டவெளியில் தலைகாட்டாமலே ஊர் தாண்டிப் போகலாம். இது எந்தத் தனி நிலக்காரனும் வேண்டுமென்று செய்ததில்லை, எல்லோரும் வேலி வைத்திருந்ததால் தானாக அமைந்தது.

4. வெள்வேலம் நிழலும் பெருசா தர்றதில்லை, முள்ளு வேற. வேம்பு வச்சிருக்கலாம்ல?

வேம்பும் அங்கங்கே நிற்கிறது, ஊஞ்ச மரமும் உண்டு. ஆனால் நிழல் மெல்லிசாக விழுவதுதான் வெள்வேலத்தின் நல்ல குணமே. அடர்ந்த நிழல் விழுந்தால் கீழே புல் செத்துப்போகும். வெள்வேலத்துக்கு அடியில் வெயிலும் நிழலும் கலந்து விழும், புல்லும் நிற்கும், ஆடும் படுத்து அசைபோடும்.

அப்புறம் காய். பங்குனி சித்திரையில் தரையில் ஒரு புல்லும் இல்லாதபோது இந்த வேலாங்காய் பழுத்து உதிரும். ஆடுகள் மரத்துக்கு மரம் ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். மிஞ்சியதைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டி விற்பவர்களும் உண்டு. பட்டைச் சாராயம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தப் பட்டை இந்த மரத்துடையதுதான். பட்டையை உரித்தே செத்துப்போன மரங்களின் கதை ஊருக்கு ஒன்று இருக்கும், அது இங்கே வேண்டாம்.

5. ஏக்கருக்கு எத்தனை ஆடு விடலாம்? சரியா ஒரு நம்பர் சொல்லுங்க.

சொல்ல மாட்டேன், ஏனென்றால் அந்த நம்பரை வைத்துக்கொண்டு மழை பொய்த்த வருடத்திலும் அதே அளவு விடுவீர்கள். எங்கள் ஆறு ஏக்கரை மூன்று துண்டாகப் பிரித்து, இரண்டு மாடும் இருபது செம்மறியும் வைத்திருக்கிறோம். மழை நல்லா இருந்தால் குட்டிகளோடு கூடக் கொஞ்சம் தாங்கும், இல்லாவிட்டால் தை பிறக்கும்போதே சிலதைச் சந்தைக்கு ஓட்டிவிடுவோம். விற்க மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்த ஒரு வருடம், ஆடுகள் புல்லைத் தூரோடு கரம்பிவிட்டன, புல் திரும்பி வர இரண்டு மழைக்காலம் ஆனது.

முறை என்று கேட்டால் இதுதான். ஐப்பசி மழைக்குப் புல் முளைத்தவுடன் உள்ளே விடக் கூடாது. ஒரு துண்டையாவது கதிர் முற்றி விதை விழுகிற வரை படல் (வேலி வாசலை அடைக்கிற தட்டி) சாத்தியே வைக்க வேண்டும், அடுத்த வருடம் வேறு துண்டு. மாட்டை முதலில் விட்டு மேல்புல்லை மேயவிட்டு, செம்மறியைப் பின்னால் விடுவது நல்லது, செம்மறி அடிவரைக்கும் மேயும். வெள்ளாட்டின் மேல் மட்டும் ஒரு கண் வேண்டும், அது புல்லை விட்டுவிட்டு வேலியையும் வெள்வேலங்கன்றையும்தான் முதலில் பார்க்கும். கோடைக்குச் சோளத்தட்டுப் போர் கையில் இருக்க வேண்டும், கொறங்காடு மட்டுமே பன்னிரண்டு மாதமும் சோறு போடாது.

6. காங்கேயம் மாடு ரெண்டு லிட்டர்கூட ஒழுங்கா கறக்காதாமே, யாருக்குக் கட்டுப்படியாகும்?

பால் வியாபாரத்துக்கு இந்த மாடு கட்டாது, அதை மறைக்கவே வேண்டாம். ஒன்றரை, இரண்டு லிட்டர்தான், அதிலும் கன்றுக்குப் பங்கு. இது உழவுக்கும் வண்டிக்கும் ஏற்றத்துக்கும் என்று வளர்த்த இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொறுக்கியெடுத்து வளர்த்துப் பேர் வாங்கிக் கொடுத்தது. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்துக்குள் நிறம் மாறிவிடும். முதன்முதலில் பார்க்கிறவர்கள் வேறு கன்றோ என்று குழம்புவார்கள்.

வருமானம் எப்படி என்றால், எங்கள் வீட்டில் செம்மறிதான் மாதச் சம்பளம், மாடு வைப்பு நிதி மாதிரி. அவசரத்துக்கு இரண்டு கிடாயைப் பிடித்து விற்றால் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டலாம். காளைக்கன்றை ஜோடி சேர்த்து வளர்த்து, சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்குக் கொண்டுபோனால் இலட்சத்துக்கு மேல் போவது புதிதல்ல. 2014இல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தபோது காளை வாங்க ஆள் குறைந்தது, 2017 போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டின் மேல் திடீர் பாசம் வந்தது. அந்தப் பாசத்தில் பாதி ஃபோட்டோ எடுக்கிறதோடு நின்றுவிட்டது என்பது என் கருத்து. சாணியும் புழுக்கையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள், தோட்டத்துக்கு வேறு எரு வாங்கினால் அதன் மதிப்பு தெரியும்.

7. எல்லாம் சரி, இதுல இயற்கைப் பாதுகாப்பு எங்க வருது? நீங்க ஆடு மேய்க்கிறீங்க, அவ்வளவுதானே!

ஆமாம், அவ்வளவுதான். யாரும் கௌதாரியைக் காப்பாற்றவேண்டும் என்று கொறங்காடு வைக்கவில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தார்கள், அந்த ஏற்பாட்டில் கௌதாரிக்கும் காடைக்கும் ஆள்காட்டிக்கும் பனங்காடைக்கும் உடும்புக்கும் இடம் கிடைத்தது. ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டையிடும். வருடா வருடம் டிராக்டர் ஓடுகிற நிலத்தில் அது எங்கே போய் இடும்? இதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இந்த நிலத்தில் இருந்து வீட்டுக்குக் காசு வருகிற வரைக்கும்தான் இந்தப் பறவைகள். காசு நின்றால் நிலம் வேறு கைக்குப் போகும், வேலி போகும், 3ஆவது கேள்வியில் சொன்ன அத்தனையும் சேர்ந்து போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டா ஒருவர் பேரில் இருக்கும், மேய்க்கிற கால் வேறு ஒருவருடையதாக இருக்கும். நிலமில்லாதவர்கள் வருடக் குத்தகைக்குக் காடு பிடித்துச் செம்மறி வளர்க்கிறார்கள், வேலாங்காய் பொறுக்குவதும் சுள்ளி ஒடிப்பதும் பெரும்பாலும் கூலிவேலைக்குப் போகிற பெண்கள்தான். கொறங்காடு என்றாலே பரம்பரை, பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் இவர்களைச் சேர்ப்பதில்லை. நிலம் கைமாறும்போது பட்டாக்காரருக்குப் பணம் வரும், குத்தகைக்காரருக்கு 'அடுத்த மாசத்துல இருந்து வேற காடு பார்த்துக்க' என்ற பேச்சுதான் வரும்.

8. அண்ணா, சீமைக்கருவேலங்காயையும் ஆடு நல்லாத்தானே திங்குது, அது இருந்துட்டுப் போகட்டுமே?

தம்பி, ஆடு தின்பதுதான் பிரச்சினையே. வெள்வேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை நன்றாக முளைக்கும், கொறங்காட்டில் பல மரங்கள் அப்படி வந்தவைதான். அதே வயிறு சீமைக்கருவேல விதையையும் அதே அக்கறையோடு கொண்டுவந்து போட்டுவிடும். வெளியே ஓடைப் புறம்போக்கில் மேய்ந்துவிட்டு வந்த ஆடுகளைப் பட்டியில் அடைக்கிறீர்கள், அந்த எருவைக் காட்டில் இறைக்கிறீர்கள், இரண்டே வருடத்தில் காடு முழுக்கக் கன்று. வெள்வேலம் மாதிரி இது புல்லோடு ஒத்துப்போகாது, புதராக அடைத்துக்கொண்டு கீழே ஒன்றையும் விடாது.

மேலே வெட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது வீண்கூலி, கட்டையில் இருந்து நாலு மடங்கு துளிர்க்கும். மழைக்குப் பிறகு மண் ஈரமாக இருக்கும்போது கன்றாக இருக்கையிலேயே வேரோடு பிடுங்கவேண்டும். அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே வெளியிட்டது, ஆனால் பட்டா நிலத்தில் பிடுங்க வேண்டியவர் நீங்கள்தான். ஒன்றை மறக்கவேண்டாம், சீமைக்கருவேலத்தை விறகாக வெட்டிப் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. ஊர்ப் பொது இடத்தில் எடுப்பதாக இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசி, விறகை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

9. நாங்க ஒரு குழுவா வந்து இலவசமா ஆயிரம் மரக்கன்று நட்டுத் தர்றோம். இடம் தருவீங்களா?

நல்ல மனசு, நன்றி, ஆனால் வேண்டாம். காரணம் 4ஆம் பதிலில் இருக்கிறது. மரம் அடர்ந்தால் புல் போகும், புல் போனால் ஆடு போகும், தரையில் வாழ்கிற பறவையும் போகும். கிளையோடு கிளை தொடாத அளவுக்கு மரம் இருந்தால் போதும். ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், 600 மில்லிமீட்டர் மழையில் அதற்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? உதவத்தான் வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள், சீமைக்கருவேலங்கன்று பிடுங்கலாம், சாப்பாடு எங்கள் வீட்டில்.

10. காட்டுல மாடு மேய்க்கக் கூடாதுன்னு ஐகோர்ட்டே சொல்லிடுச்சே. உங்களுக்கும் பொருந்தும்ல?

பொருந்தாது. 'காடு' என்ற சொல்லால் வந்த குழப்பம் இது, 1ஆம் பதிலைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் முதலில் தமிழ்நாட்டு வனங்கள் முழுக்க மேய்ச்சலுக்குத் தடை சொன்னது, பிறகு அந்த உத்தரவைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. அதில் அடிபட்டது பர்கூர் மலைமாடு வைத்திருப்பவர்கள் மாதிரி, தலைமுறையாக வனத்துக்குள் பட்டி போட்டு மேய்த்தவர்கள். எங்களுடையது பட்டா நிலம்.

11. மயில் தொல்லை தாங்க முடியலைங்க. ஒண்ணும் பண்ண முடியாதா?

தாங்க முடியவில்லை என்பது உண்மை. நிலக்கடலை, தக்காளி, சோளக்கதிர் எதையும் விடுவதில்லை. ஆனால் விஷம் கலந்த தானியத்தைப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். மயில் தேசியப் பறவை, வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. அதோடு அந்தத் தானியத்தைக் கௌதாரியும் தின்னும், பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும்.

முட்டையையும் குஞ்சையும் தின்கிற குள்ளநரியும் கீரியும் உடும்பும் குறைந்ததால்தான் மயில் பெருகியது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதுமட்டும்தான் காரணமா என்றால் நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நரி ஊளை கேட்டு வளர்ந்த என் அப்பா இப்போது அதைக் கேட்பதில்லை. நடைமுறையில் நாங்கள் செய்வது, விதைப்பு முளைக்கிற பத்து நாளும் கதிர் முற்றுகிற காலமும் ஆள் போட்டுக் காவல் காப்பது. வேறு மந்திரம் இல்லை.

12. நரி இல்லைங்கிறீங்க, அப்ப ஆட்டைக் கடிச்சுக் கொல்றது எது?

தெருநாய். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் ஒரே இரவில் பட்டியில் இருந்த ஆடுகளில் பாதி செத்துக் கிடந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன, விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்தார்கள். நரி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும், நாய்க்கூட்டம் வெறும் கடியோடு இருபதைச் சாய்த்துவிட்டுப் போகும். கோழிக்கடைக் கழிவை ரோட்டோரம் கொட்டுவதை நிறுத்தாமல் இது குறையாது. நாய்க்குக் கருத்தடை, பட்டிக்கு உயரமான வலை எல்லாம் அப்புறம்தான்.

2023இல் ஊதியூர் மலைப் பக்கம் சிறுத்தை வந்து ஆடுகளை அடித்தது, வனத்துறை கூண்டு வைத்துத் தேடியது. அந்த மாதிரி நேரத்தில் செத்த ஆட்டைப் புதைத்துவிடாமல், அப்படியே போட்டுப் படம் எடுத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே சொல்லுங்கள். எது கொன்றது என்று அவர்கள் எழுதிக் கொடுக்காமல் இழப்பீட்டு மனு நகராது.

13. எங்க ஊர் மேய்க்கால் புறம்போக்கை நாலு பேர் வளைச்சுப் போட்டுட்டாங்க. மீட்க முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். முதலில் தாலுகா ஆபீஸில் அந்தப் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று அ-பதிவேட்டில் (ஊர் நிலக் கணக்குப் பதிவேடு) பாருங்கள், மேய்க்கால், அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஊர்ப் பொது நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் சொன்ன தீர்ப்பு இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். அதே தீர்ப்பு நிலமற்ற ஏழைகளுக்கு அரசு கொடுத்த குத்தகை, ஏற்கெனவே நிற்கும் பள்ளிக்கூடம் போன்றவற்றுக்கு விலக்கும் தருகிறது. எனவே குடிசை போட்டவரையும் பத்து ஏக்கர் வளைத்தவரையும் ஒரே மனுவில் கோர்க்காதீர்கள், ஊர் இரண்டாகிவிடும்.

மீட்ட பிறகு என்ன செய்வது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. யார் எப்போது எத்தனை ஆடு விடலாம், எந்தப் பக்கம் எந்த மாதம் பூட்டு, இதை ஊரே உட்கார்ந்து பேசி எழுதி வைக்காவிட்டால், முதல் மழையிலேயே எல்லோரும் ஓட்டிக்கொண்டு வந்து மொட்டையடித்துவிடுவார்கள். 5ஆம் பதிலில் சொன்ன முறை தனி நிலத்துக்கு எவ்வளவு அவசியமோ, பொது நிலத்துக்கு அதைவிட அவசியம்.

14. மாப்பிள்ளை, சோலார்காரன் முப்பது வருசக் குத்தகை கேட்கறான். ஆடு மேய்ச்சு இந்தக் காசைப் பார்க்க முடியுமா? நீயே சொல்லு.

மாமா, முடியாது. பணக் கணக்கு மட்டும் பார்த்தால் அவன் கொடுப்பதுதான் ஜாஸ்தி, அதை நான் இல்லை என்று சொன்னால் பொய். உங்களுக்கு வயசாகிவிட்டது, பையன் பெங்களூரில் இருக்கிறான், மேய்க்க ஆள் கிடைப்பதில்லை. விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

ஆனால் காத்தாடியும் சோலாரும் ஒன்றில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித்தான் நம் பக்கம் இவ்வளவு காற்றாலைகள், அதற்கு அடித்தளமும் பாதையும் போக மீதி நிலத்தில் ஆடு மேயும். சோலார் என்றால் பொதுவாக மரத்தையும் வேலியையும் எடுத்துத் தரையைச் சமமாக்கிவிடுவார்கள். விடுவதாக இருந்தால் கல்லாங்காட்டுத் துண்டை விடுங்கள், புல் நன்றாக இருக்கிற துண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துக் கிளுவை வேலியைத் தொடக் கூடாது, பலகைக்கு அடியில் செம்மறி மேயவிட வேண்டும், குத்தகை முடிந்தால் கான்கிரீட்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று மூன்றையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நிற்காது. அப்புறம், உங்கள் காட்டில் இத்தனை வருடம் குத்தகைக்கு மேய்த்தவருக்கு ஒரு வருடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் மாமா.

15. பேசாம அரசாங்கமே இதையெல்லாம் சரணாலயமா அறிவிச்சுட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர், அய்யலூர் பக்கம் 11,806 ஹெக்டேர் வனப்பகுதி 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இந்தியாவில் தேவாங்குக்கென்று அதுதான் முதல். அது வனத்துறை நிலம், அங்கே சரி. கொறங்காடோ ஆயிரக்கணக்கான பட்டாக்களாகச் சிதறிக் கிடக்கிறது. மேய்ச்சலை நிறுத்தி வேலி போட்டுக் காத்தால் கொறங்காடு கொறங்காடாக இருக்காது, சில வருடத்தில் சீமைக்கருவேலக் காடாகிவிடும்.

சட்டத்தில் வேறு வழிகளும் உண்டு. நிலக்காரர்கள் தாங்களாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். ஆனால் அறிவித்த பிறகு நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. இதைச் சொன்னதும் எங்கள் ஊரில் கூட்டம் கலைந்துவிடும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். மதுரை அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது, ஆனாலும் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது, மக்கள் எதிர்த்து நின்றதால்தான் அடுத்த ஜனவரியில் ரத்தானது. பலகை வைத்தால் மட்டும் நிலம் காப்பாற்றப்படாது என்பதற்கு அதைச் சொல்கிறேன். என்னைக் கேட்டால், கிளுவை வேலியைக் கவாத்து செய்து காப்பவருக்கு வேலியின் நீளத்துக்கு இவ்வளவு என்று வருடாந்திர மானியம் கொடுக்கட்டும், குத்தகைக்கு மேய்க்கிறவர் பேரும் அதில் இருக்கட்டும், அதுபோதும்.

16. நான் தாராபுரத்துக்கிட்ட அஞ்சு ஏக்கர் மொட்டை நிலம் வாங்கியிருக்கேன். புதுசா கொறங்காடு உண்டாக்க முடியுமா?

முடியும், அவசரப்படாமல் இருந்தால். வேலியில் ஆரம்பியுங்கள். கிளுவைப் போத்துகளை (நடுவதற்கென்று வெட்டிய கிளைகள்) மழைக்கு முன்னால் வரப்பில் நெருக்கமாக நடவேண்டும், பழைய வேலியைக் கவாத்து செய்பவரிடம் கேட்டால் சும்மாவே தருவார். வேலி ஆடு நுழையாத அளவுக்கு அடைவதற்கு நாலைந்து வருடம் ஆகும், அதுவரை முள் வெட்டிப் போட்டு ஒப்பேற்ற வேண்டியதுதான். கொழுக்கட்டைப் புல் விதையைப் பக்கத்துக் காட்டில் உருவிக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்கு உருவியதை அன்றைக்கே விதைத்தால் ஏமாற்றும், அந்த விதைக்குக் கொஞ்ச மாதம் உறக்கம் வேண்டும். போன வருட விதையை மணலோடு கலந்து மழைக்கு முன் தூவுங்கள். வெள்வேலத்துக்கு நர்சரி தேட வேண்டாம், காய் தின்ற ஆட்டின் புழுக்கையைக் கொண்டுவந்து இறைத்தால் போதும், ஆனால் எங்கே மேய்ந்த ஆடு என்று கேட்டுவிட்டு (8ஆம் கேள்வி!).

முதல் இரண்டு மழைக்காலம் உள்ளே ஒரு ஆடு விடக் கூடாது. இதைச் சொன்னால் தலையாட்டுகிறவர்கள், இரண்டாம் வருடம் பச்சையைப் பார்த்ததும் மனசு மாறிவிடுகிறார்கள்.

17. ஒரு நாள் வந்து பார்க்கலாமாங்க? எப்ப வந்தா நல்லா இருக்கும்?

கார்த்திகை, மார்கழியில் வாருங்கள், புல் கதிர் விட்டிருக்கும், வேலி முழுக்கக் கொடி பூத்திருக்கும். விடிகாலை ஆறு மணிக்குள் வந்தால் கௌதாரி கேட்கும். பச்சையே பிடிக்காதவர்கள் சித்திரையில் வரலாம், காட்டில் தூசியும் வேலாங்காயும்தான் இருக்கும், ஆனால் கண்ணபுரம் சந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம். செருப்பு தடித்ததாக இருக்கட்டும், வெள்வேலமுள் ரப்பரைத் துளைக்கும். நாயைக் கூட்டிவர வேண்டாம். படலை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், சாத்தியிருந்தால் சாத்துங்கள், திறந்திருந்தால் திறந்தே கிடக்கட்டும். போன வருடம் வந்த ஒருவர் பூட்டி வைத்த துண்டின் படலைத் திறந்துவிட்டுப் போய்விட்டார், சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது இருபது செம்மறியும் கதிர்ப்புல்லில் வயிறு முட்ட மேய்ந்துவிட்டு வெள்வேலத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.